கணக்கில் வராத விநாடிகள்: ஜோதி யாராஜி தாண்டிய தடைகள்

2023 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு. சீனாவின் ஹாங்சௌ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் மகளிர் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதிச்சுற்று தொடங்கவிருந்தது. துப்பாக்கி ஒலிக்கும் முன்பே சீன வீராங்கனை வூ யான்னி பாய்ந்து எழுந்தார். பக்கத்துத் தடத்தில் குனிந்து நின்ற இந்தியாவின் ஜோதி யாராஜி, அந்த அசைவினால் தூண்டப்பட்டு அடுத்த கணம் எழுந்தார். ஓட்டம் நிறுத்தப்பட்டது. ஜோதியையும் தகுதி நீக்கம் செய்ய நடுவர்கள் முற்பட்டனர்.

பெரும்பாலான வீராங்கனைகள் அந்த நிலையில் தலைகுனிந்து வெளியேறிவிடுவார்கள். ஜோதி வெளியேறவில்லை. அப்போது அவருக்கு வயது 24. போட்டியை நடத்தும் நாட்டின் மண்ணில், அந்நாட்டு ரசிகர்கள் நிறைந்த அரங்கில், தாம் தவறு செய்யவில்லை என்று அவர் நடுவர்களிடம் வாதாடினார். பதிவான காட்சிகள் மீண்டும் பார்க்கப்பட்டன. நீண்ட நேரக் குழப்பத்திற்குப் பின், இருவரும் ஆட்சேபத்துக்கு உட்பட்டு ஓடலாம் என்று அனுமதிக்கப்பட்டது.

அந்தப் பரபரப்புக்குப் பின் ஓடிய ஓட்டத்தில் ஜோதி 12.91 விநாடிகளில் மூன்றாவதாக வந்தார். சீனாவின் லின் யூவெய் 12.74 விநாடிகளில் முதலிடம் பெற்றார். வூ யான்னி இரண்டாவது. ஆனால் கதை அங்கு முடியவில்லை. இந்தியக் குழு முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தது. வூ யான்னி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஜோதியின் வெண்கலம் வெள்ளியாயிற்று.

தடகள விதி இந்த விஷயத்தில் நுட்பமானது. ஒருவர் முந்திப் பாயும்போது அவரைப் பின்தொடர்ந்து எழுபவரும், கறாராகப் பார்த்தால், தவறிழைத்தவரே. ஆயினும் தவறான தொடக்கத்துக்கு யார் காரணமோ அவரை மட்டுமே தண்டிக்க வேண்டும் என்று விதி வழிகாட்டுகிறது. அந்த வழிகாட்டுதலைத் தமக்குரிய உரிமையாக அறிந்திருந்ததால்தான் ஜோதிக்கு அன்று பதக்கம் கிடைத்தது. களத்தில் வைக்கப்பட்ட பத்துத் தடைகளைவிடக் களத்துக்கு வெளியே இருந்த தடைகளே அவரது விளையாட்டு வாழ்வில் அதிகமாகக் குறுக்கே வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் அன்று அவர் வாதாடிக் கடந்தார்.

விசாகப்பட்டினத்திலிருந்து

ஜோதி 1999 ஆகஸ்ட் 28 அன்று ஆந்திரத்தின் விசாகப்பட்டினத்தில் பிறந்தார். தந்தை தனியார் நிறுவனக் காவலாளி. தாய் வீட்டு வேலை செய்தவர். மருத்துவமனையில் துப்புரவுப் பணியும் பார்த்தவர். இருவரின் வருமானத்தையும் சேர்த்தால்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலை.

நகரின் துறைமுகப் பள்ளியில் படித்தபோது, அவரது உயரத்தைக் கவனித்த உடற்பயிற்சி ஆசிரியர் அவரைத் தடை ஓட்டத்துக்குத் திருப்பினார். இந்தியத் தடகளத்தின் வரலாற்றில் இப்படிப்பட்ட ஆசிரியர்களுக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். தேர்வுக் குழுக்களும் அறிவியல் பரிசோதனைகளும் எட்டாத இடங்களில், திறமையை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியரின் கண்தான்.

2015ஆம் ஆண்டில் ஆந்திர மாநில மாவட்டங்களுக்கு இடையேயான போட்டியில் ஜோதி தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு ஹைதராபாதில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்துக்குச் சென்று, துரோணாச்சார்யா விருது பெற்ற பயிற்சியாளர் என். ரமேஷிடம் பயின்றார். 2019இல் புவனேசுவரத்தில் ஒடிசா அரசும் ரிலையன்ஸ் அறக்கட்டளையும் இணைந்து நடத்திய உயர்திறன் பயிற்சி மையத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த பயிற்சியாளர் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹில்லியர்.

எட்டரை மீட்டரின் கணக்கு

மகளிர் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றின் உயரமும் 83.8 சென்டிமீட்டர். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடை வரை 13 மீட்டர். பின்னர் ஒவ்வொரு தடைக்கும் இடையே எட்டரை மீட்டர். கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோடு வரை பத்தரை மீட்டர். தடைகளுக்கு இடையே மூன்றே எட்டுகள் வைக்க முடியும். நான்காவது எட்டுக்கு இடமில்லை.

ஆகவே இது தாண்டும் ஆட்டம் என்பதைவிட ஓட்டத்தின் தாளம் குலையாமல் காக்கும் ஆட்டம் என்பதே பொருந்தும். தடைக்கு மேலே காற்றில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம். உயரமான வீராங்கனைக்குத் தடையைத் தாண்டுவது எளிது; ஆனால் நீண்ட கால்களை எட்டரை மீட்டருக்குள் மூன்று எட்டுகளாகச் சுருக்குவது கடினம். ஒரு தடையில் கால் தட்டினால் அதன் விளைவு அடுத்த மூன்று தடைகள் வரை தொடரும். திருத்திக்கொள்ள நேரமே இராது. மொத்த ஓட்டமும் 13 விநாடிகளுக்குள் முடிந்துவிடும்.

இந்த 13 விநாடி என்ற எல்லையை எந்த இந்தியப் பெண்ணும் 2022 அக்டோபர் வரை அதிகாரபூர்வமாகக் கடக்கவில்லை. ஒடிசா வீராங்கனை அனுராதா பிஸ்வால் 2002 ஆகஸ்டில் தில்லி நேரு விளையாட்டரங்கில் 13.38 விநாடிகளில் ஓடியதே தேசிய சாதனை. அது இருபது ஆண்டுகள் அசையாமல் நின்றது.

இரண்டு முறை பறிபோன சாதனை

அந்தச் சாதனையை ஜோதி முறியடித்த முதல் தருணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் மூடபித்ரியில் நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் அவர் 13.03 விநாடிகளில் ஓடினார். பழைய சாதனையைவிட இது 0.35 விநாடி குறைவு. தடை ஓட்டத்தில் இது மலைக்கத்தக்க முன்னேற்றம்.

ஆனால் அந்தப் போட்டியில் அவருக்கு தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பரிசோதனை நடத்தப்படவில்லை. இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் அங்கு இல்லை. எனவே அந்த நேரம் தேசிய சாதனையாக ஏற்கப்படவில்லை.

விதி சரியானதே. ஊக்கமருந்துப் பயன்பாடு இந்திய விளையாட்டின் தீராத நோயாக இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2022ஆம் ஆண்டுக்கான அறிக்கையில், இரண்டாயிரத்துக்கும் அதிகமான மாதிரிகளைச் சோதித்த நாடுகளில் தவறு கண்டறியப்பட்ட விகிதம் இந்தியாவிலேயே மிக அதிகம். பரிசோதனை இல்லாத சாதனையை ஏற்றுக்கொள்ள முடியாது என்பதில் மறுப்புக்கு இடமில்லை.

கேள்வி வேறு. பரிசோதனைக்குச் செல்ல மறுத்தவர் ஜோதி அல்லர். பரிசோதனை செய்ய வேண்டியவர்தான் அங்கு வரவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி ஏதோ உள்ளூர் விழா அன்று. நாடு முழுவதிலுமிருந்து இளம் வீரர்கள் திரளும் இடம். தேசிய அணிக்கான விளைநிலம். அங்கு அலுவலர்கள் இல்லாததன் விலையை ஒரு காவலாளியின் மகள் கொடுத்தார்.

அதன் பின் கொரோனா பெருந்தொற்று வந்தது. போட்டிகள் நின்றன. காயமும் சேர்ந்துகொண்டது. இரண்டு ஆண்டுகள் கரைந்தன.

2022 ஏப்ரலில் கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த தேஞ்ஞிப்பாலத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் அவர் 13.09 விநாடிகளில் ஓடினார். இம்முறை அலுவலர்கள் இருந்தார்கள். காற்று ஒத்துழைக்கவில்லை. பின்புறமிருந்து வீசும் காற்றின் வேகம் விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்த நேரம் சாதனையாகக் கருதப்படாது. தடை ஓட்டத்தில் தொடக்கத்திலிருந்து 13 விநாடிகளுக்குக் காற்றை அளந்து சராசரி காண்பார்கள். அன்று கருவி காட்டியது 2.1. அந்தப் பத்தில் ஒரு பங்கு, சாதனையை இரண்டாவது முறையாகப் பறித்தது.

சைப்ரஸில் தொடங்கிய வசந்தம்

மூன்றாவது முறை பறிபோகவில்லை. 2022 மே 10 அன்று சைப்ரஸின் லிமசோல் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் 13.23 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார் ஜோதி. மூடபித்ரியில் அவர் ஓடியதைவிட இது மெதுவானது. ஆனால் இதுதான் ஏட்டில் ஏறியது. அனுராதா பிஸ்வாலின் இருபதாண்டுச் சாதனை முடிவுக்கு வந்தது.

அதே மாதம் 22ஆம் தேதி இங்கிலாந்தின் லஃப்பரோவில் 13.11, 26ஆம் தேதி நெதர்லாந்தின் ஃபுக்ட்டில் 13.04. பதினேழு நாட்களுக்குள் தேசிய சாதனை மூன்று முறை மாறியது.

ஆயினும் அடுத்து வந்த பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் அவரால் தடை ஓட்ட இறுதிச்சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. இந்திய அளவில் முதலிடம் என்பதற்கும் உலக அளவில் இறுதிச்சுற்று என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை பர்மிங்ஹாம் உணர்த்தியது.

அந்த ஆண்டு அக்டோபரில் காந்திநகரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் அவர் 12.79 விநாடிகளில் ஓடினார். மீண்டும் காற்று. இம்முறை 2.5. மனம் தளர்ந்திருக்கலாம். ஆனால் சில நாட்களிலேயே பெங்களூரில் நடந்த தேசிய ஓபன் போட்டியில், விதிக்கு உட்பட்ட காற்றில், 12.82 விநாடிகளில் முடிவுக் கோட்டைத் தாண்டினார். 13 விநாடி எல்லையைக் கடந்த முதல் இந்தியப் பெண் என்ற பெயர் அன்று ஐயத்துக்கு இடமின்றி அவருடையதாயிற்று.

ஆசியாவின் முதலிடம்

2023ஆம் ஆண்டு அவரை ஆசியத் தளத்துக்கு உயர்த்தியது. பிப்ரவரியில் கஜகஸ்தானின் அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி. ஜூலையில் பாங்காக்கில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 13.09 விநாடிகளில் தங்கம். அப்போட்டியின் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் இந்தியப் பெண் ஒருவர் தங்கம் வென்றது அதுவே முதல் முறை. ஆகஸ்டில் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 12.78 விநாடிகளில் வெண்கலம். புதிய தேசிய சாதனை.

அதை அடுத்துத்தான் ஹாங்சௌ. அங்கு அந்த இறுதிச்சுற்றில் ஓடிய மற்றோர் இந்தியர் கோவையைச் சேர்ந்த நித்யா ராம்ராஜ். மறுநாள் அவரது இரட்டைச் சகோதரி வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் தகுதிச்சுற்றில் 55.42 விநாடிகளில் ஓடி, பி.டி. உஷாவின் 39 ஆண்டுக் காலத் தேசிய சாதனையைச் சமன் செய்தார். இறுதிச்சுற்றில் வித்யாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

ஜோதியின் 12.78 என்ற எண்ணுக்குப் பின்னால் இன்னொரு துயரம் உண்டு. 2024 பாரீஸ் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெறத் தேவைப்பட்ட நேரம் 12.77. செங்டுவில் நூறில் ஒரு பங்கு விநாடியில் அது தவறியது. 2024 மே மாதம் பின்லாந்தின் யுவாஸ்குலா நகரில் மீண்டும் அதே 12.78. மீண்டும் அதே நூறில் ஒரு பங்கு. ஓட்டத்தின் சராசரி வேகத்தில் கணக்கிட்டால் அது ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர் தூரம். ஒரு சுண்டுவிரல் நீளத்துக்குச் சற்றே அதிகம்.

இந்தியப் பெண்களின் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு விநாடிக்குப் பழைய வரலாறு உண்டு. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் எம்.டி. வல்சம்மா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு மகளிருக்கு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, பி.டி. உஷா 55.42 விநாடிகளில் நான்காவதாக வந்தார். ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜொகாரு 55.41 விநாடிகளில் வெண்கலத்தைக் கொண்டுசென்றார். அந்த ஒற்றை இலக்க வேறுபாட்டை நாடு நாற்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது. உஷா 2022இல் மாநிலங்களவை நியமன உறுப்பினராகவும், அதே ஆண்டு டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். ஆனால் உஷா என்றதும் மக்கள் மனத்தில் முதலில் தோன்றுவது அந்த நூறில் ஒரு பங்குதான்.

பாரீஸும் அதற்குப் பின்னரும்

நேரடித் தகுதி தவறினாலும், உலகத் தரவரிசையின் அடிப்படையில் ஜோதிக்கு பாரீஸ் செல்ல வாய்ப்புக் கிடைத்தது. ஒலிம்பிக்கின் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் இந்தியா பங்கேற்றது அதுவே முதல் முறை. 2024 பிப்ரவரியில் டெஹ்ரானில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில் 8.12 விநாடிகளில் தங்கம் வென்ற நம்பிக்கையோடு தொடங்கிய ஆண்டு அது. இடையில் இடுப்புக் காயம் குறுக்கிட்டது.

ஆகஸ்ட் 7 அன்று பாரீஸில் தகுதிச்சுற்றில் 13.16 விநாடிகளில் ஏழாவதாக வந்தார். தோற்றவர்களுக்கான மறுவாய்ப்புச் சுற்று ஒலிம்பிக் தடகளத்தில் அந்த ஆண்டுதான் அறிமுகமாகியிருந்தது. அதில் 13.17 விநாடிகளில் நான்காவதாக வந்து வெளியேறினார். தமது சிறந்த நேரத்தை எட்டியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது உண்மை. அதே அளவு உண்மை, உலகத் தரம் அதைவிடவும் மேலே இருக்கிறது என்பது. நைஜீரியாவின் டோபி அமுசன் 2022இல் நிகழ்த்திய உலக சாதனை 12.12 விநாடி.

2025 ஜனவரி 17 அன்று தில்லி குடியரசுத் தலைவர் மாளிகையில் ஜோதிக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டு மே 29 அன்று தென்கொரியாவின் குமி நகரில் ஆசியத் தடகளப் பட்டத்தை மீண்டும் வென்றார். 12.96 விநாடி, அப்போட்டியின் புதிய சாதனை. மழையும் இடியும் அரங்கைக் காலி செய்திருந்தன. பார்வையாளர் இல்லாத இருக்கைகளுக்கு முன்னால் பதக்க மேடையில் நின்று அவர் கண்ணீர் சிந்திய காட்சி பின்னர் நாடெங்கும் பரவியது. கைதட்ட ஆளில்லாத வெற்றி அவருக்குப் புதியதன்று. மூடபித்ரியில் அவர் பெற்ற வெற்றியும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே.

அடுத்த சில வாரங்களில் பயிற்சியின்போது முழங்காலில் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் அவர் இல்லை. வேகத்தையும் தாண்டுதலையும் ஒருங்கே நம்பியிருக்கும் ஒரு வீராங்கனைக்கு முழங்கால் காயம் எவ்வளவு கடுமையானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

யாருடைய பொறுப்பு?

ஜோதியின் வளர்ச்சியில் பலருக்கும் பங்கு உண்டு. பள்ளி ஆசிரியர், இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையம், ஒடிசா அரசு, ஒரு தனியார் அறக்கட்டளை, வெளிநாட்டுப் பயிற்சியாளர், மத்திய அரசின் ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டம் எனப் பட்டியல் நீளும். ஐரோப்பியப் போட்டிகளில் ஓடக் கிடைத்த வாய்ப்பே அவரது சாதனைகளுக்கு வழி திறந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆந்திரத்தில் பிறந்த ஒரு பெண் உயர்தரப் பயிற்சி பெற ஒடிசாவுக்குச் செல்ல வேண்டியிருந்தது என்பது மற்ற மாநிலங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஆனால் வென்ற பின் பெருமையில் பங்கு கேட்பவர்கள், அதற்கு முந்தைய இழப்புகளிலும் பங்கேற்க வேண்டும். காற்றை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. காயத்தையும் எப்போதும் தவிர்க்க முடியாது. பரிசோதனை அலுவலரை ஒரு போட்டிக்கு அனுப்புவதும், தொழில்நுட்பப் பிரதிநிதியை நியமிப்பதும் இயற்கையின் கையில் இல்லை. அவை தில்லியில் உள்ள அலுவலகங்களின் கையில் இருக்கின்றன. விதியைக் கறாராகக் கடைப்பிடிக்கும் உரிமை, அந்த விதி நிறைவேறுவதற்கான ஏற்பாட்டைச் செய்து முடித்தவர்களுக்கே உண்டு.

ஜோதிக்கு இரண்டாவது வாய்ப்பும் மூன்றாவது வாய்ப்பும் கிடைத்தன. சைப்ரஸுக்கு விமானம் ஏற முடிந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஓட்டத்தை விட்டு வேலைக்குப் போயிருந்தால், 13.03 என்ற எண் அவரது வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக எஞ்சியிருக்கும். பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆண்டுதோறும் எத்தனையோ காவலாளிகளின், ஓட்டுநர்களின், துப்புரவுப் பணியாளர்களின் மகள்கள் தொடக்கக் கோட்டில் குனிந்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நாளை 12.77 விநாடிகளில் ஓடிவிட்டால், அதை எழுதிக்கொள்ள அங்கு ஆள் இருப்பார்களா என்பதே ஜோதியின் கதை தில்லியிடம் கேட்கும் கேள்வி.